புதுப்பிப்பு: கணவரின் சிபில் குறைவு, எங்கள் வீட்டுக் கடன் என்ன ஆனது

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு வாங்க நானும் கணவரும் சேர்ந்து கடன் கேட்டதையும், அவருடைய சிபில் மதிப்பெண்ணை (பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் எண்) பார்த்து வங்கி தயங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்தவர்களுக்கு நன்றி.

கடன் கிடைத்துவிட்டது, என் பெயரில் மட்டும். கூட்டாக விண்ணப்பித்தால் இருவர் மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். தனியாகக் கேட்டால் என் சம்பளம் மட்டுமே கணக்கு, தொகை குறைந்தது. அதனால் காட்பாடி பக்கம் சின்ன வீடாகப் பார்த்தோம். பத்திரமும் என் பெயரில்தான். வீட்டில் பங்குள்ளவர் கடனிலும் சேர வேண்டும் என்பது பொதுவாக வங்கிகளின் வழக்கம். மாமியாருக்கு வருத்தம் இருந்தது. பொறுமையாக உட்கார்ந்து பேசினோம், புரிந்துகொண்டார்.

அப்புறம் கணவருடைய கடன் அறிக்கை, அதாவது அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையான கடன் பதிவு. ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும், தயவுசெய்து விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள். பழைய கிரெடிட் கார்டு பாக்கியைப் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தார். அது முழுதாக முடிந்த கணக்காக இல்லாமல் ‘செட்டில்டு’ என்றே நின்றது. மீதியையும் கட்டி, பாக்கியில்லைச் சான்று வாங்கிவிட்டோம். பதிவு இன்னும் மாறவில்லை. திருத்தம் கேட்டு 30 நாளில் தீர்க்காவிட்டால், பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கி விதி. மனு கொடுத்திருக்கிறோம்.