செல்லப் பெயரையே சான்றிதழ்ப் பெயராக வைக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்

தங்கச்சிக்குப் பொண்ணு பிறந்திருக்கு. வீட்ல எல்லாரும் 'ஜில்லு'ன்னு கூப்பிடுறோம். அதையே பதிஞ்சிடலாம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை, ஆனா ஒரு விஷயம் மனசைப் போட்டுப் பிறாண்டிக்கிட்டே இருக்கு.

ஆபீஸ் இன்டர்வியூவுல நானும் உட்கார்ந்திருந்தேன். வந்த பொண்ணு பேரு பப்லி. ரெஸ்யூம்ல மேலேயே, கொட்டை எழுத்துல. எங்க மேனேஜர் மத்தவங்ககிட்ட எல்லாம் பேர் சொல்லித்தான் பேசுவாரு. "சொல்லுங்க கார்த்திக்", "அப்படியா தீபா". இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் "நீங்க", "உங்க", "ம்ம்". பேரு நாக்கு நுனி வரைக்கும் வருது, அப்படியே முழுங்கிடுறாரு. அவ என்னமோ கேட்டதுக்கெல்லாம் பட்டு பட்டுன்னு பதில் சொன்னா. முடிஞ்சதும் எழுந்து, நாற்காலியை உள்ள தள்ளிட்டு, "சார், என் பேரைச் சொல்லியே கூப்பிடலாம், ஒண்ணும் ஆகாது"ன்னு சிரிச்ச முகமா சொல்லிட்டுப் போனா. அவருக்குக் காது சிவந்துடுச்சு.

வேலை வேற ஒருத்தருக்குப் போச்சு. அவருக்கு அனுபவம் கொஞ்சம் கூடத்தான். அதனால பேர்தான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது. இல்லைன்னும் பண்ண முடியலை. இந்த மாதிரி பேரோட இருக்கிறவங்க, பார்த்தவங்க சொல்லுங்க.

நிலாமுற்றம்

கண் மருத்துவமனை, கூட்டம். நர்ஸ் கதவைத் திறந்து "பாப்பா! பாப்பா யாரு?"ன்னாங்க. என் பக்கத்துல ஒரு அம்மா கைக்குழந்தையோட எழுந்துட்டாங்க. பின் வரிசையில இருந்து கைத்தடி சத்தம். எழுபதைத் தாண்டின பாட்டி, மெதுவா நடந்து வர்றாங்க. நர்ஸ் ஃபைலையும் அவங்களையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "பாப்பா உங்க பேத்தியா பாட்டி?"

"நான்தான்மா பாப்பா. நீ பாட்டின்னே கூப்பிடு."

ஹாலே சிரிச்சுது. பாட்டியும் சிரிச்சாங்க. அது அப்போ வந்த சிரிப்பு மாதிரி எனக்குத் தெரியலை. வாழ்க்கை முழுக்க இதே இடத்துல சிரிச்சுப் பழகின மாதிரி இருந்தது.

எதிர்க்கட்சி

பாப்பான்னு பேரு இருந்தா என்ன? கம்யூனிஸ்ட் தலைவர் பாப்பா உமாநாத் 1989இல் சட்டமன்றத்துக்கே போனாங்க. போராட்டம், சிறைன்னு வாழ்ந்தவங்க. அவங்களை யாராவது "என்ன பாப்பா"ன்னு கிண்டல் பண்ணியிருப்பாங்களா? அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில உட்கார்ந்திருந்தாங்க. நம்ம அரசியலமைப்பை விவாதிச்ச சபையிலயே ஒரு அம்மு இருந்திருக்காங்க. 2001இல் பிரதமர் வாஜ்பாய் காலைத் தொட்டுக் கும்பிட்டது யாரை? மதுரைப் பக்கம் பெண்கள் சுயஉதவிக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளையை. 2019இல் பத்மஸ்ரீயும் அந்தப் பேருக்குத்தான் வந்தது. பேரைப் பார்த்து அன்னைக்கு யாரு சிரிச்சாங்க?

கடைசிபெஞ்ச், உங்க மேனேஜரை மாத்துங்க, ஜில்லுவை மாத்தாதீங்க. என் அனுபவம்னா, எங்க அத்தை பேரு குட்டியம்மா. குரலைக் கேட்டாலே ஆறடி ஆம்பளைங்க எழுந்து நிப்பாங்க. அவ்ளோதான்.

வெள்ளைத்தாள்

எதிர்க்கட்சி சாருக்கு ஒரு தகவல். பாப்பா உமாநாத்தின் இயற்பெயர் தனலட்சுமி. பாப்பா என்பது கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். நீங்கள் எடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது.

ஜிம்மி கார்ட்டரையும் யாராவது இழுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 1977இல் 'ஜிம்மி' என்றுதான் அமெரிக்க அதிபர் பதவிப் பிரமாணம் எடுத்தார். ஆனால் பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ் ஏர்ல். 1993இல் பில் கிளின்டன் அதே மேடையில் 'வில்லியம் ஜெஃபர்சன்' என்று முழுப்பெயரைச் சொன்னார். இருவரிடமும் இரண்டு பெயர்கள் இருந்தன. எதைச் சொல்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். ஜில்லுவுக்கு அந்த வசதி கிடையாது.

ரோமில் ஒரு பையனுக்குப் படைவீரர்கள் செல்லமாகக் 'கலிகுலா' என்று பெயர் வைத்தார்கள், குட்டி ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு முகாமில் திரிந்ததால். வளர்ந்து சக்கரவர்த்தி ஆனபின் அந்தப் பெயரைச் சொன்னாலே அவனுக்குக் கோபம் வருமாம். இயற்பெயர் காயஸ். இன்று யாருக்குத் தெரியும்?

என் சொந்த அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கூடப் படித்தவன் ஒருவன் பெயர் டிங்கு. கல்யாணப் பத்திரிகையில் 'திருநிறைச்செல்வன் டிங்கு' என்று அச்சாகியிருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறு பெயர் எங்காவது இருக்கிறதா என்று.

எதிர்க்கட்சி

2021இல் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி மகளுக்கு வச்ச பேரு லிலிபெட். எலிசபெத் ராணியை வீட்ல கூப்பிட்ட செல்லப் பேரு. அரண்மனையிலயே வைக்கிறாங்க, நமக்கென்ன?

வெள்ளைத்தாள்

இளவரசியை யார் சார் இன்டர்வியூ எடுக்கப் போகிறார்கள்?

சின்னு (நிஜமாவே)

என் பேரே சின்னுதான். சான்றிதழ், பாஸ்போர்ட், கம்பெனி ஐடி கார்டு எல்லாத்துலயும். எனக்கு முன்னாடி ஒரு குழந்தை தவறிப்போனதால, பெரிசா பேர் வைக்கவே பயந்தாங்கன்னு கேள்வி. அதனால கோபமெல்லாம் இல்லை. ஆனா ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்களே, அது இதுன்னு எல்லாரும் வெளியாளுங்களைப் பத்தியே பேசுறீங்க. கிண்டல் எல்லாம் ஸ்கூலோட தீர்ந்துடுச்சு. உண்மையான சிக்கல் வீட்டுக்குள்ள.

அக்காவை அம்மா சாதாரணமா "பொம்மி"ம்பாங்க. கோபம் வந்துட்டா முழுப்பேர் வரும், "பத்மாவதீ!"ன்னு. அது வந்தா அக்கா எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவா. என் கேஸ்ல ரெண்டுக்கும் சின்னுதான். கொஞ்சுறாங்களா, அடிக்க வர்றாங்களான்னு அடுத்த ரூம்ல இருந்து குரலை வச்சே கண்டுபிடிக்கணும். இப்பவும் யாராவது என் பேரைச் சொன்னா ஒரு நொடி அப்படியே நின்னு, எந்த சின்னு இதுன்னு காது கொடுப்பேன். மீட்டிங்லயும்தான்.

இன்னொண்ணு. கல்யாணமான புதுசுல மனைவி எனக்கு ஒரு செல்லப் பேர் வைக்கப் பார்த்தாங்க. எது வச்சாலும் நிஜப் பேரை விடக் கௌரவமா இருக்கு. கடைசியில கொஞ்சணும்னா "மிஸ்டர் சின்னு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அதுதான். ஊருக்கு வெறும் சின்னு, பெட்ரூம்ல மிஸ்டர்.

படிவம்நிரப்புபவர்

அனைவருக்கும் வணக்கம். என் உறவினர் ஒருவர் பெயர் பப்லு, விசா நேரத்தில் அலைந்தார். இதை வைத்து நான் சொல்ல விரும்புவது:

செல்லப் பெயர்களுக்கு நிலையான எழுத்து வடிவம் கிடையாது, இதுதான் மூல வியாதி. பப்லுவை ஆங்கிலத்தில் ஒரு கிளார்க் முடிவில் 'யு' போட்டு எழுதுவார், அடுத்தவர் இரண்டு 'ஓ' போடுவார், மூன்றாமவர் நடுவில் இரண்டு 'பி' போடுவார். கார்த்திகேயனுக்கும் பிழை வரும், ஆனால் அது பிழை என்று பார்த்தவுடன் தெரியும். பப்லுவில் எது சரி, எது பிழை என்று பப்லுவுக்கே தெரியாது. ஆகவே முதல் சான்றிதழில் எந்த எழுத்து விழுந்ததோ அதையே தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படிவத்திலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

அடுத்தது, ஒற்றைப் பெயர். செல்லப் பெயர் வைப்பவர்கள் பெரும்பாலும் அதை மட்டும் வைத்து நிறுத்திவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும், அதாவது முதற்பெயர் தெரியவில்லை. அங்கே போனபின் வங்கியிலும் அலுவலகத்திலும் அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். என் உறவினருக்கு நடந்தது இதுவே.

வெளிநாடுகளில் அரசே இதில் தலையிடுவதும் உண்டு. ஐஸ்லாந்தில் 1991 முதல் பெயர்க் குழு இருக்கிறது. பட்டியலில் இல்லாத புதுப் பெயர் என்றால் அவர்கள் அனுமதி வேண்டும், அந்த மொழியின் வேற்றுமை உருபுகளை அது ஏற்க வேண்டும். நியூசிலாந்தில் 2008இல் ஒரு நீதிபதி, விளையாட்டாக வைத்த நீளமான பெயருடைய 9 வயதுச் சிறுமியைத் தற்காலிகமாக நீதிமன்றப் பாதுகாப்பில் எடுத்தே பெயரை மாற்ற வழி செய்தார். அந்தக் குழந்தை தோழிகளிடம் தன் பெயரைச் சொல்லாமல் 'கே' என்று ஒரே எழுத்தில் சொல்லிவந்ததாம்.

எனவே கடைசிபெஞ்ச் அவர்களே, தங்கையிடம் இப்படிச் சொல்லுங்கள்: செல்லப் பெயர் சுருக்கமாக வரும்படி ஒரு முழுப்பெயர் வையுங்கள். அமுதா என்று பதிந்தால் அம்மு தானாக வரும், சித்ரா என்றால் சிட்டு வரும். ஜில்லுவுக்கு எது என்று யோசித்தேன், எனக்கு உடனே பிடிபடவில்லை. எண் கணிதம் பார்ப்பதாக இருந்தால் அதற்கும் தனியாக விளக்குகிறேன், கேளுங்கள்.

எதிர்க்கட்சி

கேட்கலை சார்.

மணியடிச்சாச்சு

மழலையர் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்புல ரிஜிஸ்டர்ல 'அம்மு'ன்னே ஒரு குழந்தை. வீட்ல அம்முன்னு கூப்பிடுற பிள்ளைங்க இன்னும் மூணு நாலு இருக்கும், அவங்களுக்கெல்லாம் ரிஜிஸ்டர்ல வேற பேரு. அட்டென்டன்ஸ்ல "அம்மு"ன்னா அதுங்களும் தலையைத் தூக்கும்.

ஒருநாள் இவ மேஜை பக்கத்துல வந்து நின்னா. வாட்டர் பாட்டில் வாரைப் பல்லால கடிச்சுக்கிட்டு. "மிஸ், யாழினிக்கு வீட்டுப் பேரு அம்மு, ஸ்கூல் பேரு யாழினி. என் ஸ்கூல் பேரு என்ன மிஸ்?"

அம்முதான்டா கண்ணுன்னேன். நம்பலை. ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னா. காட்டினேன். விரலை வச்சு மேலயிருந்து கீழ வரைக்கும் போயி, தன் பேருக்கு அடுத்து ஏதாவது இருக்கான்னு தாளைத் திருப்பியும் பார்த்தா. அவளுக்கு இன்னும் சரியா படிக்கவே வராது.

பேரு அழகா அசிங்கமா, பிரதமர் கும்பிட்டாரா இல்லையான்னு நீங்க பேசிக்கிட்டே இருங்க. அந்தக் குழந்தையை யாரும் கிண்டலே பண்ணலை. மத்தவங்களுக்கு ரெண்டு இருக்கு, தனக்கு ஒண்ணுதான், அவ்ளோதான் அவ கணக்கு.

எதிர்க்கட்சி

ஒரு பேரு மட்டும் இருக்கிற குழந்தைங்க கோடிக்கணக்குல இருக்கு மேடம். கவிதாவை வீட்லயும் கவிதான்னு கூப்பிடுற குடும்பம் இல்லையா? அதுவும் இந்தக் கேள்வியைக் கேக்கத்தான் செய்யும்.

மணியடிச்சாச்சு

கேக்கும். "எனக்கு ஏன் மிஸ் வீட்டுப் பேரு இல்லை"ன்னு. அன்னைக்கு சாயங்காலமே அதுக்கு ஒண்ணு வச்சிடலாம். ஸ்கூல் பேரை அப்படி வைக்க முடியுமா?

சின்னு (நிஜமாவே)

மேடம், அப்புறம் அவகிட்ட என்னதான் சொன்னீங்க?

மணியடிச்சாச்சு

"உனக்கு ரெண்டும் ஒரே பேரு, ஸ்பெஷல்"னு சொன்னேன். "அப்போ ஸ்கூல்லயும் வீடு மாதிரி இருக்கலாமா மிஸ்?"னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம ஷூவைக் கழட்டிட்டா.

படிவம்நிரப்புபவர்

அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் சொல்லுங்கள், பெயர் மாற்றத்தை மேல் வகுப்புச் சான்றிதழ்கள் சேர்வதற்கு முன்பே செய்துவிட்டால் வேலை பாதி. படிவத்தை எப்படி நிரப்புவது என்றால்

படிவம்நிரப்புபவர்

மன்னிக்கவும், பாதியில் போய்விட்டது. தொடர்கிறேன்.

மணியடிச்சாச்சு

அவங்களும் கேட்கலை சார்.