செண்டை அடிக்கும் மகனின் காது: உதவி வேண்டும்

மகனுக்கு 16 வயது. ஊர் நாகர்கோவில். இரண்டு வருஷமாகச் செண்டை மேளக் குழுவில் அடிக்கிறான். கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா முடிந்து வந்த ராத்திரி, ஃபேனை நிறுத்திவிட்டு, "யம்மா, எங்கயோ விசில் கேக்குது" என்றான். மூன்று வாரமாகியும் இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. ஆடியோகிராமில் (காது கேட்கும் திறனைப் பார்க்கும் சோதனை) 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்தில் மட்டும் கேட்கும் திறன் 35 டெசிபல் இறங்கியிருக்கிறது. சத்தத்தால் வந்தது, போனது திரும்பாது என்றார் டாக்டர்.

பஞ்சு வைத்துப் பார்த்தோம், பிரயோஜனமில்லை. மஞ்சள் ஃபோம் அடைப்பானை, தாளம் மந்தமாகுது என்று ஐந்தே நிமிஷத்தில் பிடுங்கிவிட்டான். அவன் அப்பா, "நாங்க வெடிச் சத்தத்துல வளரலையா?" என்கிறார். அவருக்கே இப்போது டிவியைக் கூட்டினால்தான் கேட்கிறது. என் பயமே அதுதான். செண்டையை விடச் சொல்ல மனசில்லை.

தாளம் தெளிவாகக் கேட்டு, சத்தம் மட்டும் குறைகிற மாதிரி காதுக்கு அளவெடுத்துச் செய்யும் அடைப்பான் நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் எங்கே கிடைக்கும்?