ஸ்ட்ரிங்ஸ் மட்டும் பெடலுக்குக் கட்டுப்பட என்ன செய்ய வேண்டும்?

கீபோர்டு நண்பர்களுக்கு வணக்கம். யமஹா மோடெக்ஸ்6 (MODX6) சிந்தசைசரில் ஒரு பெர்ஃபார்மன்ஸ் (பல ஒலிகளை ‘பார்ட்’களாகச் சேர்த்த அமைப்பு) அமைத்துக்கொண்டிருக்கிறேன். பார்ட் 1 பியானோ, 2 ஸ்ட்ரிங்ஸ், 3 பேட் (பின்னணியில் நீளும் மென்மையான ஒலி). மூன்றும் ஒன்றாக ஒலிக்கின்றன, அதுவரை சரி. ஃபுட் பெடலை (சிசி 11, அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் ‘எக்ஸ்பிரஷன்’ மிடி கட்டளையின் எண்) மிதித்தால் ஸ்ட்ரிங்ஸ் மட்டும் மெல்ல எழ வேண்டும்; பியானோவும் கூடவே ஏறி இறங்குகிறது. பல்லவி முடிந்து பெடலைத் தளர்த்தினால் மொத்தமும் அமுங்கிவிடுகிறது.

பியானோ பார்ட்டில் எக்ஸ்பிரஷனுக்கான ரிசீவ் ஸ்விட்சை (அந்தக் கட்டளையை ஏற்கலாமா என்ற தேர்வை) அணைப்பதா, இல்லை பெடலுக்கு வேறு எண் கொடுத்து ஸ்ட்ரிங்ஸ் வால்யூமுக்கு மட்டும் அசைன் செய்வதா? மேடையில் எது நம்பகம்? சூப்பர் நாப் என்ற பெரிய திருகு ஏற்கெனவே பேடின் ஃபில்டர் கட்ஆஃபை (ஒலியின் கூர்மையை) மாற்றப் போய்விட்டது, அது அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், சஸ்டெய்ன் (சிசி 64, விரலை எடுத்த பின்னும் சுரத்தை நீட்டும் பெடல்) பியானோவுக்கு மட்டும் போதும். கார்டு மாறும்போது ஸ்ட்ரிங்ஸில் பழைய சுரங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சல். எந்த மெனு என்று சொன்னாலே போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.