புதுப்பிப்பு: செயின்ட் எக்கோஸ் (Chained Echoes) வீடியோ கேம், லெவல் இல்லாமல் எப்படி?

'இதில் லெவலே ஏறாதாமே, பாஸ் (பெரிய எதிரி) சண்டைக்கு எப்படித் தயாராவது' என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன், இப்போது ஆட்டம் முடிந்துவிட்டது.

கிரிமோயர் துண்டுகள்தான் வழி, அவற்றை வைத்துத்தான் நம் ஆட்கள் புதுத் திறன்களைப் பெறுவார்கள். கதையில் முன்னேறினால் தானாகக் கிடைக்கும், சும்மா சுற்றிச் சுற்றி அடிக்கத் தேவையில்லை. சண்டை முடிந்ததும் உயிரும் முழுசாகத் திரும்பிவிடும்.

உண்மையான தலைவலி, சண்டையில் நாம் செய்வதற்கேற்ப ஏறி இறங்கும் ஓவர்டிரைவ் பட்டை. பச்சையில் இருக்கும்வரை ராஜா நாம்தான். சிவப்புக்குப் போனால் வாங்குகிற அடி கூடும், உடனே அது காட்டும் வகைத் திறனைப் போட்டோ தற்காத்தோ கீழே இறக்க வேண்டும். சில முறை குணப்படுத்துவதா பட்டையை இறக்குவதா என்று திணற வேண்டியிருக்கும், அதுதான் எனக்குப் பிடித்ததே.

2022 டிசம்பரில் வந்த இதைப் பெரும்பாலும் மத்தியாஸ் லிண்டா என்ற ஒரே ஜெர்மானியர் உருவாக்கினார் என்பதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. கதையின் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் இழுவை.