‘பயோமார்க்கர்’ என்பதற்கு எந்தச் சொல்? வாய்ப் புற்றுநோயும் குருதி இலிப்பிட்டு மட்டங்களும்

அன்புடையீர், வணக்கம்.

வாய்ப் புற்றுநோயாளரின் குருதியில் இலிப்பிட்டு (கொலஸ்திரோல், ரைகிளிசரைட்டு போன்ற கொழுப்பினப் பொருள்கள்) மட்டங்கள் தாழ்ந்து காணப்படுவதைப் பற்றிய விளக்கத்தாளைத் தமிழில் எழுதும்போது ‘பயோமார்க்கர்’ (உடலில் அளந்து நோயின் நிலையை அறிய உதவும் பொருள்) என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்ற வினாவுக்கு ‘அறிகுறி’, ‘சுட்டி’, ‘காட்டி’, ‘புற்றுக் குறிப்பான்’ என நான்கு சொற்கள் இதுவரை வந்துள்ளன. நான்கில் எதுவும் இவ்விடத்துக்குப் பொருந்தவில்லை என்றே கருதுகிறேன். ‘குறிப்பான்’ என்பதை அடிச்சொல்லாக வைத்து, அதன் முன் ஓர் அடையைச் சேர்த்து ‘ஆய்வுநிலைக் குறிப்பான்’ என எழுதலாம் என்பது என் முன்மொழிவு.

‘அறிகுறி’ என்பது நோயாளி தானே உணர்வதையும் மருத்துவர் கண்ணால் காண்பதையும் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். ஆறாத புண், கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் அல்லது செம்படலம், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவை அறிகுறிகள். ஆய்வுகூடத் தாளில் மட்டும் தெரியும் ஓர் எண்ணை அவற்றுடன் சேர்த்தால், வாயைப் பார்க்க வேண்டியவர் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘சுட்டி’ என்ற சொல் உடற்திணிவுச் சுட்டிக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டது. அது கணித்துப் பெறும் எண். ‘காட்டி’யோ இரசாயனவியலுக்கு உரியது. பாசிச்சாயம் அமிலத்தில் சிவக்கும் என்பதில் ஐயமே இல்லை. அந்த உறுதியைக் கொலஸ்திரோல் வாய்ப் புற்றுநோயில் தருவதில்லை.

‘புற்றுக் குறிப்பான்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புற்றுக் கலங்களோ, புற்றுக்கு எதிர்வினையாக உடலின் ஏனைய கலங்களோ உண்டாக்கும் பொருளை அது குறிக்கும். ஈரற் புற்றுநோயாளர் பலரில் உயரும் அல்பா பீற்றோ புரதம் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கொலஸ்திரோலையோ எல்லோருடைய ஈரலும் உண்டாக்குகிறது. நம் கலமென்சவ்வுகள் அனைத்திலும் அது உள்ளது. மேலும், இங்கே நாம் பேசுவது தாழ்வைப் பற்றி. இந்தியாவில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் வாய்ப் புற்றுநோயாளரின் மொத்தக் கொலஸ்திரோலும் உயரடர்த்தி இலிப்பிட்டுப்புரதக் கொலஸ்திரோலும் (‘நல்ல கொழுப்பு’ எனப்படும் HDL) நோயற்றோரினதைவிடத் தாழ்ந்திருந்தன. ரைகிளிசரைட்டிலும் தாழடர்த்தி வகையிலும் (‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் LDL) முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன.

விரைந்து பிரியும் கலங்கள் புதிய மென்சவ்வுகளை ஆக்குவதற்குக் குருதியிலிருந்து கொலஸ்திரோலை மிகுதியாக உள்ளெடுக்கின்றன என்பது இத்தாழ்வுக்குத் தரப்படும் ஒரு விளக்கம். புகையிலையால் தோன்றும் சுயாதீன மூலிகங்கள் (எளிதில் வினைபுரியும் துணிக்கைகள்) இலிப்பிட்டுக்களை ஒட்சியேற்றிச் சிதைப்பதால், மென்சவ்வைச் சீர்செய்யக் கலங்கள் கூடுதல் இலிப்பிட்டை நாடுகின்றன என்பது மற்றொன்று. மூன்றாவது விளக்கம் எளியது. என் பார்வையில் முதலில் விலக்கிப் பார்க்க வேண்டியதும் அதுவே: வாயில் புண்ணோடு இருப்பவரால் சரியாக உண்ண முடியாது, உணவு குறைந்தால் இலிப்பிட்டும் குறையும். நோய் வெளிப்படுவதற்கு முன்பே குருதி எடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தாலன்றி இவற்றுள் எது முன், எது பின் என்று பிரித்தறிய இயலாது. போதாக்குறைக்கு ஈரல் நோயும் மிகைத் தைரொயிட்டுச் சுரப்பும், கொலஸ்திரோலைக் குறைக்கவே மருத்துவர் தரும் ஸ்டற்றின் மாத்திரையும் கொலஸ்திரோலைத் தாழ்த்தும். கொழும்பில் நடுவயதைக் கடந்தவர்கள் கூடும் எந்த வீட்டிலும் ஸ்டற்றின் விழுங்குபவர் ஒருவராவது இருப்பார். இவ்வளவு ஐயங்களும் தீரும்வரை ‘ஆய்வுநிலை’ என்ற அடையை நீக்கக்கூடாது.

‘இரத்தக் கொழுப்பு’ என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும் என வெள்ளவத்தை அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். விளங்கும்தான், ஆனால் பிழையாக விளங்கும். கொலஸ்திரோல் இரசாயனப்படி ஒரு ஸ்ரெரோல். கொழுப்பு என்ற பெயருக்கு உரியது ரைகிளிசரைட்டு. அதைவிடப் பெரிய இடர் ‘நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு’ என்ற பேச்சு. அதற்குப் பழகியவர், கெட்டது குறைந்தால் நன்றுதானே என்று கேட்பார். இதயத்தைப் பொறுத்தவரை அவர் கேட்பது சரியும்கூட. தமிழகத்தில் வழங்கும் ‘கொழுமியம்’ அழகான ஆக்கமே எனினும், இங்கே இலங்கையில் உயர்தர உயிரியல் படித்த பிள்ளைகள் அறிந்தது ‘இலிப்பிட்டு’. அதையே வைத்துக்கொள்வோம். ‘லிப்பிட் புரொபைல்’ என்ற சோதனைப் பெயரைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத்தில் அப்பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

மட்டங்களைக் குறிக்கும்போது ‘அளந்த மட்டம்’, ‘கணித்த மட்டம்’ என்ற வேறுபாடும் சொல்லில் தெரிய வேண்டும். தாழடர்த்தி வகையை ஆய்வுகூடங்கள் பலவேளைகளில் நேரடியாக அளப்பதில்லை. 1972 இல் வெளியான ஃபிரீட்வால்ட் சூத்திரப்படி, டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில், மொத்தத்திலிருந்து உயரடர்த்தி வகையையும் ரைகிளிசரைட்டின் ஐந்திலொரு பங்கையும் கழித்துப் பெறுகின்றன. ரைகிளிசரைட்டு 400 ஐத் தாண்டினால் அச்சூத்திரம் செல்லாது. மொத்தம் தாழ்ந்தால் இந்தக் கணித்த எண்ணும் கூடவே தாழக்கூடும் என்பதால், அதைத் தனிச் சான்றாகக் கொள்வது ஒன்றையே இருமுறை எண்ணுவதாகும்.

விளக்கத்தாளின் வாக்கியத்தை இவ்வாறு வரைந்துள்ளேன்: “வாய்ப் புற்றுநோயாளர் பலரின் குருதியில் மொத்தக் கொலஸ்திரோல் மட்டம் தாழ்ந்து காணப்படுவதால் அது ஓர் ஆய்வுநிலைக் குறிப்பானாகக் கருதப்படுகிறது, நோயை உறுதிசெய்வது இழையப் பரிசோதனையே (பயொப்சி), வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்பவர்கள் கொலஸ்திரோல் எண் எதுவாக இருந்தாலும் வாயைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.”

பாக்கைப் புகையிலையிலிருந்து பிரித்துத் தனியே எழுதியது வேண்டுமென்றே. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது. புகையிலை போடாமல் மென்றால் தீங்கில்லை என்ற பேச்சோ கொட்டாஞ்சேனையிலும் கேட்கிறது, மலையகத்திலும் கேட்கிறது. ‘காணப்படுவதால்’ என்ற சொல், தாழ்வே நோய்க்குக் காரணம் என்ற தொனியைத் தருகிறதா என்பதை மருத்துவத் துறையிலுள்ளோர் பார்த்துச் சொன்னால், வரைவைத் திருத்தி அச்சுக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து