"ஜெயிச்சா மேல போயிருவமுங்களா?" – கீழ் டிவிஷன் கால்பந்து மேட்ச்ல உங்க மனசுல நின்ன ஒரு சம்பவம்

மேட்டுப்பாளையம் ரோடு:

ரெண்டாம் டிவிஷன், மூணாம் டிவிஷன் எல்லாத்தையும் மாத்தி அடுக்கணும்னு ஆளாளுக்குப் பேசறோம். எனக்கு ஒரு நாள் மட்டும் மனச விட்டுப் போகமாட்டேங்குது. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம், ஐ-லீக் கடைசி நாள், நம்ம சென்னை சிட்டி – மினர்வா பஞ்சாப். அந்த சீசனப் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. மேட்ச் ஆரம்பிச்ச சூட்டுலயே நாம ஒரு கோல் வாங்கிட்டோம். அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலத்தோட ஈஸ்ட் பெங்கால் ஆடுது. நாம டிரா பண்ணி அவங்க ஜெயிச்சா கப்பு கொல்கத்தாவுக்கு. முன்வரிசைல ஒரு பையன் போன்ல கோழிக்கோடு ஸ்கோரப் பாத்துப் பாத்துக் கத்திட்டு இருந்தான். நம்ம ஃபார்வர்டு மான்சி பெனால்டி போட்டதும்தான் எங்களுக்கு மூச்சு வந்துச்சு. அப்புறம் கௌரவ் போரா ரெண்டு. 3-1. ஒரே ஒரு பாயிண்டுல சாம்பியன், 43க்கு 42.

நான் சொல்ல வந்தது மேட்ச் இல்ல. பக்கத்துல ஒரு பெரியவர், மில்லுல வேலை பாத்து ரிடையர் ஆனவரு. விசில் அடிச்சதும் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மொகத்த அழுத்தித் தொடச்சுட்டு எங்கிட்ட கேட்டாரு: "ஏனுங் தம்பி, ஜெயிச்சுட்டமல்லங்க, அடுத்த வருசம் அந்தப் பெரிய லீக்குக்குப் போயிருவமுங்களா?"

"போயிருவமுங்க"ன்னு சொல்லிட்டேன்.

அது பொய். அப்படி ஒரு வழியே அன்னிக்கு இல்ல, எனக்கு அது தெரியும். அவரு மொகத்தப் பாத்து இல்லைன்னு சொல்ல வாய் வரல. அதே வருசம் அக்டோபர்ல ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போட கோலாலம்பூர்ல உக்காந்து திட்டம் போட்டாங்க. பெரியவர் கேட்ட அந்தப் பெரிய லீக்கு, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்), அதுதான் முதல் லீக்குன்னு ஆச்சு. நாம ஜெயிச்ச லீக்கு ஒரு படி கீழ போயிருச்சு. ரெண்டு சீசன் கழிச்சு சென்னை சிட்டியே லீக்குல இல்ல.

வியாசர்பாடி லெஃப்ட் விங்:

அண்ணே, நீங்க சொன்னது மனச என்னமோ பண்ணுது. ஆனா மேல போறதா இல்லையாங்கறதுதான் பிரச்சனைன்னு நான் நினைக்கல.

நான் பாத்தது சென்னை லீக்ல. பெயர் வேணாம், ஒரு கிளப்போட ரிசர்வ் கோல்கீப்பர். ஹாஃப் டைம்ல பெஞ்சுல உக்காந்து, கையுறையக் கழட்டாமலே ரயில்வே பரீட்சை கைடு படிக்கிறான். கையுறையோட பக்கம் திருப்ப வராதுல்ல, நாக்குல விரல வைக்கவும் முடியாது. உள்ளங்கையால தேச்சுத் தேச்சுத் திருப்புறான். கேட்டேன். "வருஷத்துக்கு எண்ணி பத்து பன்னெண்டு மேட்ச்சுண்ணா, மீதி நாளு என்ன பண்ண?"ன்னான். ஒரு காலத்துல இந்தியன் பேங்க் டீம் தேசிய லீக்லயே ஆடுச்சு. நல்லா ஆடுனா ஆபீஸ்ல வேலை, வேலை இருந்தா கல்யாணம். இப்ப அந்தக் கதவும் பாதி மூடிக்கிச்சு. டிவிஷன எத்தனையா வேணா பிரிங்க, பேர எப்படி வேணா மாத்துங்க. ஒரு டீமுக்கு வருஷத்துக்கு 25 மேட்ச்சாவது குடுங்க. எனக்கு அது போதும்.

சால்ட் லேக் தமிழன்:

லெஃப்ட் விங் தம்பி, 25 மேட்ச் ஆடி எங்க போறது? ஏணின்னு ஒண்ணு இருந்தாத்தானே அந்த மேட்ச்சுக்கு உயிர்?

நான் கொல்கத்தாவுல வேலை பாக்கறேன். மைதான் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் முகமதன் ஸ்போர்ட்டிங் வெறியர், எல்லாரும் அவர சாச்சான்னுதான் கூப்பிடுவோம். 2024 ஏப்ரல்ல ஷில்லாங்ல ஜெயிச்சு முகமதன் ஐ-லீக் சாம்பியன் ஆச்சு. 1891ல ஆரம்பிச்ச கிளப்பு. பஞ்சாபுக்கு அப்புறம் ஐ-லீக் ஜெயிச்சு மேல போன ரெண்டாவது டீம். அன்னிக்கு சாச்சா யார்கிட்டயும் காசு வாங்கல.

அடுத்த சீசன் ஐஎஸ்எல்ல 13 டீம்ல முகமதன் 13ஆவது. கடைசில வந்தா கீழ் லீக்குக்கு இறக்கம்னு ஒண்ணு அப்ப கிடையாதே, அதனால கீழயும் போகல. நான் ஆறுதலா, "தப்பிச்சிட்டீங்க சாச்சா"ன்னேன். மண் குவளைல டீ ஊத்திட்டு இருந்தவர் கெட்டிலக் கீழ வெச்சுட்டார். "கீழ போயிருக்கணும். நாங்க போனாத்தான் நாளைக்கு மேல வர்றவனுக்கு அது நெஜமா இருக்கும்"னார். சொந்த கிளப்பு எறங்கியிருக்கணும்னு சொன்ன ரசிகர் இவர் ஒருத்தரத்தான் நான் பாத்திருக்கேன். 2024-25ல இறக்கமும் வரும்னு கோலாலம்பூர் திட்டத்துல இருந்தது. வரல. மறுசீரமைப்புன்னு இனி யார் எத எழுதினாலும் நான் முதல்ல தேடுறது அந்த ஒரு வரியத்தான்.

தூத்தூர் கடலோரம்:

எங்க ஊருல கடலுக்குப் போகாத நாளு பந்து. மாநிலங்களுக்கு இடையில நடக்குற சந்தோஷ் டிராபி ஆடினவங்க தெருவுக்குத் தெரு உண்டு. சித்தப்பா மவன் ஒருத்தன் மலப்புறத்துல செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற பந்து, ஆடப் போவான். ஒரு ராத்திரி நானும் கூடப் போனேன். அறுவடை முடிஞ்ச வயலு, மூங்கில் கேலரி, ஆளு நிக்க இடமில்ல. மேட்ச் முடிஞ்சதும் ஒருத்தர் வந்து இவன் கையப் பிடிச்சு, உள்ளங்கையில சுருட்டின நோட்ட வெச்சு அமுக்கிட்டுப் போனாரு. இவன் எண்ணிக்கூடப் பாக்கல, நேரா ஷூவுக்குள்ள வெச்சான். பஸ்ஸுல வரும்போது சொல்லுதான், "அண்ணே, லீக்குல ஆடினா பேப்பர்ல பேரு வரும், இங்க ஆடினா வீட்டுல அரிசி வரும்."

இப்ப அவனுக்கு மூணாம் டிவிஷன் கிளப்புல இருந்து கூப்பிட்டிருக்காங்க. கால்பந்து சங்கத்துல பதிஞ்சா செவன்ஸ விடணும். இன்னும் முடிவு பண்ணல.

கோல்கீப்பர் அப்பா:

தூத்தூர் தம்பிக்கு ஒரு விஷயம். என் பையனை ஒரு கிளப்பில் எடுத்தார்கள். மைதான வாசலில், கார் பானெட் மேல் வைத்து நாலு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பேனா எழுதவில்லை என்று நான்தான் என் பேனாவைக் கொடுத்தேன். நகல் தரவில்லை. அடுத்த வருடம் வேறு கிளப் கூப்பிட்டபோது, இவன் எத்தனை வருடத்துக்குக் கட்டுப்பட்டவன் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்தான்.

அதனால் சொல்கிறேன். நகல் கைக்கு வராமல் கையெழுத்துப் போடக் கூடாது. எத்தனை மாதச் சம்பளம், 12 மாதமா, சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். காயம்பட்டால் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள். முழங்காலில் ஜவ்வு கிழிந்தால் பல மாதம் போய்விடும், அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் இவர்கள் விடுவிக்க என்ன நிபந்தனை? தங்குமிடத்தை நேரில் போய்ப் பாருங்கள். சமையலறையைப் பாருங்கள். ஏற்கெனவே அங்கே ஆடும் பையன்களிடம் தனியாகப் பேசுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். படிப்பு பாதியில் நின்றிருந்தால் தபால் வழியிலாவது டிகிரியை முடிக்கச் சொல்லுங்கள், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் பிறகு அதுதான் கேட்பார்கள். எந்த மாநில, தேசியப் போட்டி ஆடினாலும் சான்றிதழை அன்றே வாங்கி லேமினேட் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள்.

வியாசர்பாடி லெஃப்ட் விங்:

சால்ட் லேக் அண்ணே, ஏணி வேணாம்னு நான் சொல்லல. ஏணில ஏறுறவன் சாப்டானான்னு கேக்கறேன். தூத்தூர் அண்ணன் சொன்ன அந்த அரிசிதான் நான் சொன்ன 25 மேட்ச்.

தூத்தூர் கடலோரம்:

அண்ணாச்சி, நான் ஆலோசனை கேட்டு எழுதல. ஆனா நகல் விஷயத்த அவன்கிட்ட இப்பமே போன் போட்டுச் சொல்லிட்டேன். சனிக்கிழம கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்காங்களாம்.

மேட்டுப்பாளையம் ரோடு:

சாச்சா சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். எங்க பெரியவரும் அவரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தா என்ன பேசியிருப்பாங்களோ.

அன்னிக்கு நாங்க இருந்தது ஸ்கோர்போர்டு பக்கக் கேலரி, மேல இருந்து நாலாவது படி. வெள்ளச் சட்ட, ஓரத்துல பச்சக் கர போட்ட துண்டு. பேரு கேட்டுக்கல. சிங்காநல்லூர் பஸ் கெடைக்கணும்னு அவசரமா எறங்கிப் போனாரு. அந்தப் பக்கம் உக்காந்திருந்தவங்க யாராச்சும் அவரத் தெரியும்னா சொல்லுங்க. நேர்ல போயி, அன்னிக்கு நான் சொன்னது உண்மையில்லைங்கன்னு சொல்லணும்.