தோட்டத்துப் பழைய படங்களில் முகமும் பெயரும் பொருந்தாதபோது – அனுபவப் பகிர்வு

லயத்துவீடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் படங்களை ஸ்கேன் செய்து, டிஜிகேம் என்ற இலவசப் பட மேலாண்மை மென்பொருளில் ஏற்றி, யார் யார் என்று பெயர் போடுகிறவர்களுக்காக இந்த இழை. "பாதி முகத்தைக் காணோம், கிடைத்த முகத்திலும் அக்காளைத் தங்கச்சி என்கிறது" என்பதுதான் அடிக்கடி வரும் புகார். இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது யார் என்று சொல்வது வேறு வேலை. முகத்தைச் சுற்றிக் கட்டமே விழவில்லையென்றால் முதல் வேலையில் கோளாறு. கட்டம் விழுந்து பெயர் மாறினால் இரண்டாவதில். இதைப் பிரித்துப் பார்க்காமல் அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும்.

பெயர் மாறினால் முதலில் ஸ்கேனைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 40 பிள்ளைகள், பின்வரிசைப் பிள்ளையின் முகம் அச்சில் 5 மில்லிமீட்டர் அகலம். 150 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) ஸ்கேன் செய்தால் அந்த முகத்தின் அகலத்துக்கு 30 புள்ளிதான் (பிக்சல்) கிடைக்கும். 300-ல் 59, 600-ல் 118. டிஜிகேம் 8.5 முதல் முகத்தைக் கண்டுபிடிப்பது யூநெட், அடையாளம் சொல்வது எஸ்ஃபேஸ். எஸ்ஃபேஸ் எல்லா முகத்தையும் 112-க்கு 112 புள்ளிச் சதுரமாக்கித்தான் ஒப்பிடும். 30 புள்ளி முகத்தை அந்த அளவுக்கு இழுத்தால் கண்ணும் மூக்கும் கலங்கிப்போய் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளையாகத் தெரியும். கூட்டப் படம் என்றால் 600 வையுங்கள். ஒற்றை ஆள் படத்துக்கு 300 போதும். சின்னதாக ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு கணினியில் பெரிதாக்குவது வீண். இல்லாத விவரம் வராது.

இன்னொன்று: நாலைந்து படங்களைக் கண்ணாடியில் பரப்பி ஒரே தடவையில் ஸ்கேன் செய்பவர்கள், ஒவ்வொன்றையும் வெட்டி நிமிர்த்திய பிறகே தேடலை ஓட்டுங்கள். படுத்த நிலையில் இருக்கும் முகம் பெரும்பாலும் பிடிபடாது.

பால்மரம்:
ஸ்கேன் பற்றி ஒரு சேர்க்கை. பழைய வண்ணப் படங்களில் சில, தேன்கூடு மாதிரி சொரசொரப்பான தாளில் அச்சானவை. விரல் வைத்தால் தெரியும். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமிருந்தே அடிப்பதால், ஒவ்வொரு மேட்டிலும் வெள்ளைப் புள்ளி விழுந்து, முகம் முழுக்க வலை போட்டதுபோல் வரும். ஒருமுறை ஸ்கேன் செய்து, படத்தை 180 பாகை திருப்பி மறுமுறை ஸ்கேன் செய்யுங்கள். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டாவதைத் திரும்ப நிமிர்த்தி, இரண்டையும் அடுக்காக வைத்து, மேலடுக்கின் ஒளிபுகாமையை (ஓபாசிட்டி) 50 விழுக்காடாக்கினால் வலை நன்றாக அடங்கும். அடுக்குகள் ஒரு புள்ளிகூட விலகாமல் பொருந்த வேண்டும். விலகினால் கண் இரட்டையாகி, முன்பைவிட மோசமாகும்.

சாமி அறையில் சந்தனப் பொட்டு வைத்து மாட்டிய தாத்தா பாட்டி படங்களில் பொட்டு பெரிய தொல்லையில்லை, கண்ணாடிதான் தொல்லை. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் இழுக்காதீர்கள், முகத்துத் தோலே உரிந்து வந்துவிடும். சிஐஎஸ் வகை மெல்லிய ஸ்கேனர், தன் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். நடுவில் 2 மில்லிமீட்டர் சட்டக் கண்ணாடி வந்தாலே மங்கிவிடும். லென்ஸ் வைத்த, தடித்த சிசிடி வகை ஸ்கேனர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வர, படத்துக்கு எதிரே கறுப்புத் துணி பிடித்து, நடுவில் ஓட்டை போட்டு அதன் வழியே கைத்தொலைபேசியில் எடுங்கள்.

செம்பனை:
திருவிழாப் படம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூநெட் ஒரு முகத்தில் ஐந்து இடங்களைக் குறிக்கிறது: இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம். அவற்றை வைத்துத்தான் முகத்தை நேராக்குகிறது. அதனால் நேர்த்திக்கடன் மொட்டை அவ்வளவு பாதிக்காது. கன்னத்தில் குத்திய அலகு, வாய்வரை ஏறிய மாலை, பால் வெட்டப் போகும் அம்மாமார் புருவம்வரை இறக்கிக் கட்டிய தலைத்துணி, இவைதான் குழப்பும். அப்படிப்பட்ட முகத்தை ஒருவருடைய முதல் மாதிரியாக உறுதிசெய்யாதீர்கள். நேராகப் பார்க்கும் தெளிவான முகம் நாலைந்து கொடுத்த பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். நீங்கள் உறுதிசெய்யும் ஒவ்வொரு முகமும் பயிற்சிக்குப் போகிறது. அவசரத்தில் தங்கச்சியை அக்காள் என்று பத்துத் தடவை ஒப்புக்கொண்டால், பதினோராவது தடவையும் அது அப்படித்தான் சொல்லும். பெயர்களைத் திருத்திய பிறகு, பயிற்சித் தரவை அழித்து மீண்டும் கட்டும் தெரிவைக் கட்டாயம் ஓட்டுங்கள்.

ஒரே ஆளின் குழந்தைப் படமும் பெரியவரான படமும் இருந்தால், இடைப்பட்ட வயதிலிருந்து இரண்டு பக்கமும் நகருங்கள். 12 வயதுப் படம் பிடிபட்ட பிறகு 9, பிறகு 6. ஒரு வயதுக் குழந்தைப் படங்களுக்குக் கையால் பெயர் போடுவதே மேல்.

கோபுரச் சிற்பம், முனீஸ்வரர் சிலை, பேனரில் இருக்கும் தலைவர் முகம் எல்லாவற்றிலும் கட்டம் விழும். அழித்தால் அடுத்த தேடலில் திரும்ப வரும். 'இக்னோர்' கொடுத்தால் வராது.

ஆத்தங்கரை:
பெயரில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது, நம் நாட்டில்தான் இது அதிகம் சிக்கும். டிஜிகேமில் புதிய பெயர்ச்சீட்டு (டேக்) உருவாக்கும்போது சாய்கோடு என்றால் கிளை, காற்புள்ளி என்றால் வேறொரு சீட்டு. அடையாள அட்டையில் இருப்பதுபோல் "முனியாண்டி ஏ/எல் ராமசாமி" (ஏ/எல் என்றால் இன்னாரின் மகன்) என்று அடித்தால் "முனியாண்டி ஏ" என்று ஒரு சீட்டும், அதன் கீழே "எல் ராமசாமி" என்று இன்னொன்றும் முளைக்கும். "த/பெ" போட்டாலும் இதே கதை. சாய்கோட்டை விட்டு "முனியாண்டி ராமசாமி" என்று எழுதுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் லயத்து எண்ணையோ பிறந்த ஆண்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் எழுதலாம், படக் கோப்புக்குள் விவரம் எழுதும் முறையான எக்ஸ்எம்பி-யில் ஒரு குறையும் வராது. அதற்கு முந்தைய முறையான ஐபிடிசி-யின் குறிச்சொல்லுக்கு மட்டும் 64 பைட் எல்லை. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. "முனியாண்டி" மட்டுமே 30 பைட். நீளப் பெயர் அறுபட்டு வந்தால் காரணம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அமைப்பில் மெட்டாடேட்டா (படத்தோடு சேர்ந்த விவரங்கள்) பகுதிக்குப் போய், முகத்தின் பெயர்ச்சீட்டை முகக் கட்டத்தோடு சேர்த்துப் படத்தில் எழுதும் பெட்டியில் டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் நீங்கள் போட்ட பெயரெல்லாம் அந்தக் கணினியின் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். படத்தை அண்ணன் வீட்டுக்கு நகலெடுத்துக் கொடுத்தால் பெயர் கூடப் போகாது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் போட்டுவிட்டவர்கள் மெயின்டனன்ஸில் தரவுத்தளத்திலிருந்து படத்துக்கு ஒத்திசைக்கும் தெரிவை ஓட்டினால் எழுதிவிடும். ஓட்டுவதற்கு முன் வேறொரு வட்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பால்மரம்:
ஒரு முகம்கூடப் பிடிபடவில்லை என்பவர்களுக்கு: முதல் தடவை திறக்கும்போது முகத் தேடலுக்கான மாதிரிக் கோப்புகளை இறக்கவா என்று கேட்கும். தோட்டத்துப் பக்கம் லைன் நடுவில் அறுந்தால் கோப்பு அரைகுறையாக நிற்கும். திரும்ப இறக்குங்கள். தேடும்போது டிஜிகேம் மூடிக்கொண்டால், கிராஃபிக்ஸ் சில்லைக் கணக்குக்குப் பயன்படுத்தும் ஓபன்சிஎல் தெரிவை நிறுத்திப் பாருங்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் எல்லாச் செயலிக் கருவையும் (சிபியு கோர்) பயன்படுத்தும் தெரிவை எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு கோப்புறை என்று ஓட்டினால் தாங்கும்.

லயத்துவீடு:
கூகுளின் பழைய பட மென்பொருளான பிக்காசாவில் போட்ட பெயர்கள் என்னாகும் என்று கேட்பவர்களுக்கு. கூகுள் 2016 மார்ச்சில் பிக்காசாவை நிறுத்திவிட்டது. முகக் கட்டங்கள் ஒவ்வொரு கோப்புறையிலும் மறைந்திருக்கும் .picasa.ini என்ற கோப்பில் எண் குறியாக இருக்கும். அந்த எண் யாருடையது என்பது பயனர் கணக்கில் உள்ள காண்டாக்ட்ஸ் கோப்பில். படத்தை மட்டும் நகலெடுத்தால் இரண்டும் போச்சு. பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதைத் துடைக்க வேண்டாம். பிக்காசா 3.9-ல் முகத்தை எக்ஸ்எம்பி-யில் எழுதும் வசதி உண்டு. அதை முதலில் ஓட்டி, பிறகு படங்களை டிஜிகேமுக்குக் கொண்டுவந்தால் கட்டமும் பெயரும் சேர்ந்தே வரும்.